முதல் விளம்பரத்தை எழுதுவது எப்படி? ஒரு செக்கு எண்ணெய் நோட்டீஸை வைத்துச் செய்முறை விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்பு மாலை நேர வகுப்பு ஒன்றில் விளம்பரம் எழுதவும் எழுத்தால் பிறரை இணங்கவைக்கவும் பயின்றேன். நாங்கள் ஏற்கெனவே எழுதிய விளம்பரம் ஏதேனும் இருந்தால் முதல் நாள் கொண்டுவரும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். நண்பர் ஒருவரின் டியூஷன் சென்டருக்காக நான் எழுதி, இரண்டாயிரம் பிரதிகள் அச்சிட்டு, செய்தித்தாளுக்குள் செருகி வீடுவீடாகப் போடவைத்த நோட்டீஸை எடுத்துச் சென்றேன். ‘தரமான கல்வி, அனுபவம் வாய்ந்த ஆசிரியர்கள், நியாயமான கட்டணம்’ என்று அதில் இருந்தது. ஆசிரியர் அதை வாங்கி, சென்டரின் பெயரைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, “இது யாருடைய நோட்டீஸ்?” என்று வகுப்பைக் கேட்டார். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஊரில் இருந்த எந்த சென்டரின் பெயரை அங்கே போட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும். அந்த நோட்டீஸில் இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

அந்த வகுப்பில் கற்றவற்றை, இதுவரை ஒரு விளம்பரமும் எழுதாதவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பயிற்சிக்காக அப்போது நான் எடுத்துக்கொண்ட பொருள், திருச்செந்தூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மரச்செக்கில் ஆட்டப்படும் நல்லெண்ணெய். எட்டு வரிக்குள் அடங்கும் ஒரு பிட் நோட்டீஸ் எழுத வேண்டும் என்பதே பணி. அதையே இங்கும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: யாரிடம் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

‘எல்லோருக்கும்’ என்பது விடையாகாது. நல்லெண்ணெயைப் பொறுத்தவரை, பாக்கெட் எண்ணெயையே வாங்கிப் பழகியவர், செக்கெண்ணெயின் விலையைப் பார்த்துப் பின்வாங்குபவர், ஏற்கெனவே செக்கெண்ணெய் மட்டுமே வாங்குபவர் என்று மூவகையினர் இருக்கிறார்கள். மூன்றாமவருக்கு விளம்பரம் தேவையில்லை, முகவரி போதும். நான் இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கு விருப்பம் இருக்கிறது, ஒரு தயக்கமும் இருக்கிறது.

பெட்டி, கசியாப்போ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1980களில் வகுத்த ஒரு கருத்து இங்கே பயன்படும். ஒரு செய்தி தமக்கு முக்கியமானதாகவும், அதை எண்ணிப்பார்க்க நேரம் உள்ளதாகவும் இருந்தால் மனிதர்கள் அதிலுள்ள காரணங்களை எடைபோடுகிறார்கள். இல்லாவிட்டால் சொல்பவரின் முகம், புகழ், படத்தின் அழகு போன்ற மேலோட்டமான அடையாளங்களை வைத்து முடிவெடுக்கிறார்கள். ஐந்து ரூபாய் மிட்டாய்க்கு யாரும் காரணம் தேடுவதில்லை. மாதந்தோறும் குடும்பத்துக்கு வாங்கும் எண்ணெய்க்குத் தேடுவார்கள். ஆகவே நம் நோட்டீஸுக்கு நடிகையின் படத்தைவிட ஒரு நல்ல காரணமே தேவை.

படி 2: பொருள் உருவாகும் இடத்துக்கே செல்லுங்கள்

இந்தப் படியைத்தான் தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். நானும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ‘சுத்தமான, பாரம்பரியமான, ஆரோக்கியமான’ என்று எழுதி எடுத்துச் சென்றேன். ஆசிரியர் மீண்டும் பெருவிரலைக் காட்டினார்.

ஒரு நாள் காலை செக்குக்குச் சென்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாட்டுக்குப் பதிலாக மோட்டார் வந்துவிட்டது என்றாலும் உரல் வாகை மரத்தால் ஆனதுதான். எள்ளைக் கொட்டி உலக்கை சுற்றத் தொடங்கியதும் சிறிது நேரத்தில், செக்கை நடத்தும் அண்ணாச்சி உடைத்த கருப்பட்டியை அள்ளிப் போட்டார். இனிப்புக்காகவா என்று கேட்டேன். “இனிப்புக்கு இல்ல தம்பி. எள்ள மட்டும் ஆட்டுனா எண்ணெய் லேசுல விடாது. கருப்பட்டி போட்டாத்தான் புண்ணாக்கு ஒண்ணு சேந்து எண்ணெய் தனியாப் பிரியும்” என்றார். அவர் சொன்னபடியே, உதிரியாக இருந்த மாவு சற்று நேரத்தில் உரலின் ஓரத்தில் கெட்டியாக ஒட்டிக்கொள்ள, நடுவில் எண்ணெய் ஊறி நின்றது. பின்னர் அதை வடித்து, அகன்ற பாத்திரத்தில் வெயிலில் வைத்துக் கசண்டு அடியில் தங்கும்வரை இரண்டு மூன்று நாள் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு எள்ளுக்கு எவ்வளவு எண்ணெய் என்று கேட்டபோது, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எள்ளுக்கு ஒரு லிட்டர் என்றார். நான் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியில் இருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அண்ணாச்சியோ, “இத எல்லாச் செக்குலயும் இப்படித்தான் செய்வாங்க, இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?” என்றார். இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளர் ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு விளம்பரம் எழுதும் முன் அதன் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். புட்டிகளை இயந்திரத்தால் நான்கு முறை கழுவுவதைக் கண்டு வியந்து, இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலைகளும் அப்படித்தான் செய்கின்றன என்பது அவருக்குக் கிடைத்த பதில். ஆனால் எந்த ஆலையும் அதை மக்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஹாப்கின்ஸ் சொன்னார், விற்பனை ஏறியது. தொழிலில் இருப்பவருக்குப் பழகிப்போன செய்தி, வாங்குபவருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

இந்தப் படியில் செய்ய வேண்டியது எளிது. ஒரு குறிப்பேட்டில், கண்ணால் கண்டது, கையால் தொட்டது, எண்ணால் சொல்லக்கூடியது ஆகியவற்றை மட்டும் முப்பது வரிகள் எழுதுங்கள். ‘தரமான’ போன்ற அடைமொழி ஒன்றுகூட வேண்டாம்.

படி 3: முப்பதில் ஒன்றை மட்டும் எடுங்கள்

மற்ற இருபத்தொன்பதையும் விட மனம் வராது. வாகை மரம், உடன்குடிக் கருப்பட்டி, வெயிலில் தெளியவைத்தல் என்று எல்லாவற்றையும் அடுக்கினால் படிப்பவர் மனத்தில் ஒன்றும் தங்காது. எதை எடுப்பது என்பதற்குப் படி 1இல் பார்த்த தயக்கமே அளவுகோல். நம் வாசகர் விலையைக் கண்டு தயங்குகிறார். எனவே விலைக்குக் காரணம் சொல்லும் வரியே வேண்டும். இரண்டரைக் கிலோ எள் என்பது அந்த வரி.

விலைத் தயக்கத்தை நேருக்கு நேர் எதிர்கொண்ட விளம்பரம் என்றால் 1980களில் தொலைக்காட்சியில் வந்த சர்ஃப் லலிதாஜி நினைவுக்கு வருகிறார். மலிவான நிர்மா சலவைத்தூள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. விலை அதிகம் என்பதை மறைக்காமல், காய்கறிகூடப் பேரம் பேசி வாங்கும் ஓர் இல்லத்தரசியைக் கொண்டே, அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுத் தூளுக்குச் சமம் என்று கணக்குச் சொல்ல வைத்தார்கள். கணக்குச் சொன்னவர் சிக்கனமானவர் என்பதால்தான் அந்தக் கணக்கு எடுபட்டது. பேச்சில் இணங்கவைப்பவை சொல்பவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, சொல்லப்படும் தர்க்கம் ஆகிய மூன்றும் என்று அரிஸ்டாட்டில் வகுத்தது இங்கே அப்படியே பொருந்துகிறது.

படி 4: தலைப்பு

தலைப்பைப் படிப்பவர்களில் மிகச் சிலரே கீழே உள்ளதையும் படிப்பார்கள். ஆகவே செய்தி தலைப்பிலேயே இருக்க வேண்டும். டேவிட் ஓகில்வி என்ற விளம்பர எழுத்தாளர் 1958இல் ரோல்ஸ்ராய்ஸ் காருக்கு எழுதிய தலைப்பு, மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போது இந்தக் காரில் கேட்கும் மிகப் பெரிய சத்தம் அதன் மின்கடிகாரத்தின் சத்தம்தான் என்பது. ‘அமைதியான’, ‘சொகுசான’ என்ற சொற்கள் அதில் இல்லை. படிப்பவர் தாமாகவே அந்த முடிவுக்கு வருகிறார். அந்தத் தலைப்புக்காக ஓகில்வி காரைப் பற்றி மூன்று வாரங்கள் படித்தார் என்பதையும், அந்தச் செய்தி ஒரு தொழில்நுட்ப மதிப்புரையிலிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

குறைந்தது இருபது தலைப்புகள் எழுதுங்கள். என்னுடையவற்றில் முதல் பத்து வெட்கப்படத்தக்கவை. ‘பாட்டி காலத்து மணம்’ என்பதுகூட அவற்றில் ஒன்று. பதினான்காவது இது: ‘இரண்டரைக் கிலோ எள்ளை ஆட்டினால் ஒரு லிட்டர் எண்ணெய்தான் கிடைக்கிறது.’

படி 5: கீழே வரும் வாசகம்

தலைப்பு எழுப்பும் கேள்விக்கு வாசகம் விடை சொல்ல வேண்டும். கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற நான்கு நிலைகள் கொண்ட பழைய வாய்பாடு ஒன்றை எல்லா வகுப்புகளிலும் கற்பிக்கிறார்கள். எழுதி முடித்ததைச் சரிபார்க்க அது உதவும். அதை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினால் எழுத்து படிவம் நிரப்பியது போல ஆகிவிடுகிறது என்பது என் அனுபவம்.

அதைவிடப் பயனுள்ள வழி, குறையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. பெரிய கார்களையே விரும்பிய அமெரிக்காவில், 1959இல் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் வோக்ஸ்வாகன் பீட்டில் என்ற சிறிய காரை விற்க வேண்டியிருந்தது. பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, ஒரு மூலையில் அந்தக் காரைச் சிறியதாக வைத்து, சிறியதாக எண்ணிப்பாருங்கள் என்று தலைப்பிட்டார்கள். குறை என்று பிறர் சொன்னதையே செய்தியாக்கினார்கள். நம் எண்ணெயிலும் ஒரு குறை உண்டு. எவ்வளவு தெளியவைத்தாலும் புட்டியின் அடியில் சிறிது கசண்டு தங்கும். பாக்கெட் எண்ணெய்க்குப் பழகியவர் அதைக் கலப்படம் என்று நினைத்துவிடுவார். அதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டேன்:

‘எள் என்ன விலை என்று கடையில் கேளுங்கள். இரண்டரையால் பெருக்குங்கள். பிறகு எங்கள் விலையைப் பாருங்கள். கருப்பட்டி சேர்த்து மரச்செக்கில் ஆட்டி வெயிலில் தெளியவைக்கிறோம். புட்டியின் அடியில் சிறிது கசண்டு தங்கும். அது எள்ளின் கசண்டு.’

வாசகரையே கணக்குப் போட வைத்ததைக் கவனியுங்கள். தாம் போட்ட கணக்கை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் கணக்கு உண்மையிலேயே சரியாக வர வேண்டும். அச்சிடுவதற்கு முன் நான் மூன்று கடைகளில் எள் விலை விசாரித்தேன்.

படி 6: என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்

கேட்கும் செயல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. 1983இல் கடலூரில் 15,000 ரூபாயுடன் தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், சிக் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் விற்றார். கிராமங்களில் ஒரு சிறுவனின் தலையில் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, கூடியிருந்தவர்களைத் தலைமுடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் செய்தார்கள். எந்த நிறுவனத்தின் பாக்கெட்டாக இருந்தாலும் காலிப் பாக்கெட் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றும், பின்னர் சிக் காலிப் பாக்கெட் மட்டுமே செல்லும் என்றும் அறிவித்தார்கள். முதலில் தொட்டுப் பார்; பிறகு ஒரு முறை பயன்படுத்து; பிறகு இதையே வாங்கு. ‘ஒரு லிட்டர் வாங்குங்கள்’ என்று நான் எழுதியிருந்ததை இதற்குப் பின் மாற்றி, ‘இந்த நோட்டீஸைக் கொண்டுவாருங்கள், ஒரு தோசைக்கான எண்ணெய் இலவசம்’ என்று எழுதினேன். அண்ணாச்சிக்கு அது பிடித்திருந்தது.

படி 7: எழுதக் கூடாதவற்றை நீக்குங்கள்

‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எழுத ஆசை வரும். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை. நம்முடையதில் மட்டும் இல்லை என்ற எண்ணத்தை ஏற்படுத்துவது ஏமாற்று. ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்பது அதைவிட மோசமானது. உணவுப் பொருள் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியும் 10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் விதிக்கலாம்.

படி 8: இரண்டு விதமாக அச்சிட்டு எண்ணிப் பாருங்கள்

ஹாப்கின்ஸ் தம் விளம்பரங்களில் கூப்பன் வைத்து, எந்த விளம்பரத்துக்கு எத்தனை கூப்பன் திரும்பி வந்தது என்று எண்ணினார். நாமும் அதைச் செய்யலாம். எள் கணக்குத் தலைப்பில் ஐந்நூறு, வேறொரு தலைப்பில் ஐந்நூறு. மற்றபடி எல்லாம் ஒன்றே. ஒரு தெரு விட்டு ஒரு தெருவாக மாற்றிப் போட்டு, திரும்பி வருபவற்றை இரண்டு டப்பாக்களில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒன்றில் ஐந்தும் மற்றொன்றில் ஏழும் இருந்தால் அதை வெற்றி என்று கொள்ளாதீர்கள். அது தற்செயலாகவும் இருக்கலாம். இருமடங்கு, மும்மடங்கு வித்தியாசம் வந்தால் மட்டும் அந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: ப்ரூஃப் பார்த்தல்

டியூஷன் சென்டர் நோட்டீஸின் பெரிய பிழைக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிரதிகளிலும் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டு ஒன்பது இலக்கங்களே இருந்தன. அச்சிடும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரிப் பிரதியான ப்ரூஃபை நானும் நண்பரும் மும்முறை படித்தோம். எண்ணை மனப்பாடமாக அறிந்தவர்கள் என்பதால் இருவர் கண்ணும் விடுபட்டதைத் தாமே நிரப்பிக்கொண்டன.

எனவே பெயர், முகவரி, எண் மூன்றையும் அவற்றை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணைப் படித்தால் மட்டும் போதாது. ப்ரூஃபைப் பார்த்தே வேறொருவரின் கைபேசியில் அழுத்திப் பார்க்க வேண்டும். செக்கு நோட்டீஸின் ப்ரூஃப் வந்தபோது அச்சகத்தில் வேலை செய்த பையனிடம் கொடுத்து அழைக்கச் சொன்னேன். மணி அடித்தது. மறுமுனையில் செக்கு சுற்றும் சத்தத்துக்கு மேலாக “யாரு?” என்று அண்ணாச்சி குரல் கேட்ட பிறகுதான் ஆயிரம் பிரதிகள் ஓட்டச் சொன்னேன்.