ஆடும் படகு ஏணி: இறுக்கும் முன், மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் படகின் பின்பக்க ஏணி ஆட ஆரம்பித்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதலில் ஸ்பேனர் எடுத்துப் போல்ட்டை இறுக்குவார்கள். அடுத்த மாதம் மறுபடி இறுக்குவார்கள். கடைசியில் புது ஏணி வாங்கி, அதே ஓட்டையில் மாட்டுவார்கள். சில வாரங்களில் அதுவும் ஆடும்.

ஏணி கெட்டுப்போவது குறைவு. அது பிடித்து நிற்கும் பலகைதான் முதலில் போகும். டிரான்சம் என்கிற பின்பலகை வெளியே ஃபைபராகத் தெரிந்தாலும், பல படகுகளில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் இருக்கிறது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவிங் முடித்து ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஆளின் எடையோடு சிலிண்டரும் எடைப்பட்டையும் சேர்ந்தால் இன்னும் 20 கிலோ அளவுக்குக் கூடும். அவர் ஏறும்போது ஏணி கீழே மட்டும் அழுத்தப்படுவதில்லை, மேல் போல்ட்டுகள் வெளிப்பக்கமாக இழுபடுகின்றன. ஒவ்வொரு ஏற்றத்திலும் மயிரிழை அளவு அசைந்தால் போதும், போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் சீலன்ட் விட்டுவிடும். தண்ணீர் பிளைவுட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே மரம் சோறாகிக் கொண்டிருக்கும்.

அதனால் ஏணிக்கு விலை விசாரிக்கும் முன் பலகையைத் தட்டிப் பாருங்கள். ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடி போதும். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கணீரென்று கேட்கும். ஊறிய இடத்தில் சத்தம் அமுங்கும். அப்புறம் கீழ்ப் போல்ட் ஒன்றைக் கழற்றுங்கள். பழுப்புத் தண்ணீர் வடிந்தாலோ, ஓட்டையைச் சுரண்டும்போது கறுத்த ஈரத்தூள் வந்தாலோ இனி யோசிக்க வேண்டியதில்லை. ஏணியைப் பிறகு பார்க்கலாம், பலகைதான் முதல் வேலை.

இந்தக் கட்டத்தில் செய்யப்படும் குறுக்கு வழிகள் எல்லாமே செலவை இரட்டிப்பாக்குகிறவை. இரண்டு அங்குலம் தள்ளிப் புது ஓட்டை போடுவது, நீளமான போல்ட் மாட்டுவது, பழைய ஓட்டையில் எம்-சீலைத் திணித்து மேலே பெயின்ட் அடிப்பது. சொத்தையைச் சுரண்டாமல் பல்லை அடைப்பது போலத்தான் இது. ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அழுகல் பரவும்.

ஈரம் ஓட்டையைச் சுற்றி மட்டும்தான் என்றால் வேலை சுலபம். 8 மி.மீ. போல்ட்டுக்கு 14 அல்லது 16 மி.மீ. ஓட்டையாகப் பெரிதாக்குங்கள். ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பவுடர் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸி ரெசினை நிரப்புங்கள். அது இறுகிய பிறகு நடுவில் 8 மி.மீ. ஓட்டை போடுங்கள். நாளைக்குச் சீலன்ட் விட்டாலும் தண்ணீர் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. ஊறல் பரவியிருந்தால் உள்தோலை வெட்டி, பிளைவுட்டையே மாற்ற வேண்டும். அப்போது கடையில் கிடைக்கிற சாதாரணப் பிளைவுட்டை வைக்காதீர்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள்.

ஃபைபர் இழைகளை ஒட்டிப் பிடிக்கிற ரெசின் விஷயத்தில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. தேய்த்த பிறகு அசிட்டோன் போடுவது முதலாவது. முதலில் அசிட்டோனால் மெழுகையும் எண்ணெயையும் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மெழுகையே தேய்த்து உள்ளே ஏற்றிவிடுவோம். இரண்டாவது, எபாக்ஸியோடு சாதாரண மேட்டை, அதாவது நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பைப் பயன்படுத்துவது. மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாது. எபாக்ஸிக்கு நெய்த கண்ணாடி இழைத் துணிதான் சரி. மூன்றாவது, சீக்கிரம் காயட்டும் என்று, பாலியஸ்டர் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கூடுதலாக ஊற்றுவது. நம் ஊர் வெயிலில் அது டப்பாவிலேயே புகைந்துவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கரைசலைத் தனியாகச் சேர்க்க வேண்டிய ரெசின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மரம் காயவே காயாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் காற்றுக்கும் வெயிலுக்கும் தோதானது. விசைப்படகுகளும் அப்போதுதான் பழுதுக்காகக் கரையேறும் என்பதால், ஃபைபர் வேலை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

பலகை சரியானதும் அடுத்த சறுக்கல், உள்பக்கம் சின்ன வாஷர்களோடு விட்டுவிடுவது. அத்தனை இழுவையும் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் விழும். ஃபைபரில் நட்சத்திரம் போல விரிசல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு போல்ட்டுகளையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி 6 மி.மீ. தகடு ஒன்றை, மூலைகளை மழுக்கி, உள்ளே வையுங்கள். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடாகவோ கெட்டியான ஃபைபர் பலகையாகவோ இருக்கலாம்.

சீலன்ட்டுக்குப் பாத்ரூம் சிலிக்கானை வாங்கி வராதீர்கள். வினிகர் வாடை அடிக்கிற வகை உலோகத்தை அரிக்கும். அதைவிடத் தொல்லை, சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டோ வேறு சீலன்ட்டோ ஒட்டாது. மறுகோடியில் சிலர் த்ரீ-எம் 5200 போன்ற நிரந்தரப் பசையைப் போடுகிறார்கள். என்றைக்காவது ஏணியைக் கழற்றும்போது ஃபைபர் தோலும் கூடவே உரிந்து வரும். சிகாஃபிளெக்ஸ் 291 மாதிரி நடுத்தரமான மரைன் சீலன்ட் போதும். ஓட்டையின் வாயைக் கொஞ்சம் சரிவாகச் செதுக்கினால் போல்ட்டைச் சுற்றிச் சீலன்ட் வளையமாகத் தங்கும். இறுக்கும்போது போல்ட் தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புங்கள், சீலன்ட் முழுதும் பிதுங்கி வெளியே வரும்வரை இறுக்காதீர்கள்.

சரி, ஏணிக்கே வருவோம். 304, 316 என்கிற கிரேடுகள் இரண்டுமே எஸ்.எஸ். தான், ஆனால் கடலுக்கு 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்கிற உலோகம் இருக்கிறது. உப்பு குத்திக் குழியாக்குவதை அது தடுக்கிறது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இது 316 என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 304-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பழைய போல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்டுவதும் வேண்டாம். எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருக்கக் காற்று பட வேண்டும். வெளியே தலையும் நட்டும் புதிதாக இருக்க, காற்றில்லாத ஈர ஓட்டைக்குள் நடுத்தண்டு மட்டும் அரித்து மெலிந்திருக்கும். போல்ட்டில் மிச்சம் பிடித்து ஏணியை இழப்பது என்ன கணக்கோ! எஸ்.எஸ். நட்டை இம்பாக்ட் மெஷினால் விர்ரென்று ஏற்றினால் மரையோடு மரை சிக்கிப் பூட்டிக்கொள்ளும். மரை சிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையை மரையில் தடவி, கையால் மெதுவாக இறுக்குங்கள். அலுமினிய ஏணியாக இருந்தால் எஸ்.எஸ். போல்ட் அதை நேராகத் தொடாதபடி நைலான் வாஷர் வையுங்கள். உப்புத்தண்ணீரில் இரண்டும் தொட்டால் அலுமினியம்தான் கரையும்.

படி மட்டும் வெல்டு விட்டிருந்தால் ஏணியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். படகில் வைத்தே வெல்டு வைத்தால் பெட்ரோல் ஆவி, பேட்டரி, எஞ்சினின் எலக்ட்ரானிக்ஸ் என்று ஆபத்து வரிசையாக நிற்கிறது. பட்டறையில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். இரும்புக்குப் பயன்படுத்திய கிரைண்டர் டிஸ்க்கையும் கம்பி பிரஷ்ஷையும் இதில் வைக்கக் கூடாது. ஒட்டும் இரும்புத்தூள் பிறகு துருவாகப் பூக்கும். வெல்டைச் சுற்றி வரும் நீலக் கறையைப் பிக்ளிங் பேஸ்ட் என்கிற அமிலப் பசை போட்டு எடுக்க வேண்டும், கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. குழாய்க்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய குழாயில் நீர் இருக்க, வெல்டு வைத்தால் நீராவி குழாயையே பிளந்துவிடும்.

கயிற்று ஏணி வைத்திருப்பவர்கள் கப்பல்காரர்களின் விதியைக் கடன் வாங்கலாம். துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறும் ஏணியில், முதலில் கட்டிய முறையில் இல்லாமல் வேறு முறையில் மாட்டிய மாற்றுப் படிகள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை. மரப்படிக்குப் பெயின்ட்டும் அடிக்காதீர்கள். விரிசல் தெரியாமல் போகும்.

கடைசியாக நீளம். பழைய ஏணியின் அளவையே எடுத்துப் போய்ப் புதிது வாங்குகிறோம், பழையதே குட்டையாக இருந்திருக்கலாம். கடைசிப் படி நீர்மட்டத்துக்கு 22 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவில் படகுகளுக்குத் தரம் வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பு. தண்ணீருக்குள் கால் எட்டவில்லை என்றால், களைத்துப்போனவரால் கைபலத்தில் மட்டும் ஏற முடியாது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஆழம் குறைந்த இடத்தில் நீங்களே இறங்கி, மடக்கிய ஏணியைத் தண்ணீரில் இருந்தபடி ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். மேலே யாராவது முடிச்சை அவிழ்த்தால்தான் இறங்கும் என்றால், அந்த முடிச்சை அன்றைக்கே எடுத்துவிட்டுக் கீழிருந்து திறக்கிற கொக்கி போடுங்கள்.