ராம்ஸ்பாட்டம்: ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் ஊரையும் பொருளையும் கண்டுபிடிப்பது எப்படி?

சொந்த ஊரைவிட்டு வெளியூரில் குடியேறியவரை அவர் வந்த ஊரின் பெயராலேயே கூப்பிடுவது இடைக்கால இங்கிலாந்தில் வழக்கம். அப்படி ஒட்டிக்கொண்டு பரம்பரைப் பெயரானவற்றில் ஒன்று ராம்ஸ்பாட்டம். அதை வைத்தே தேடும் முறையைப் பழகலாம்.

முதலில், எழுத்து வேறுபாடுகளை எழுதிக்கொள்ளுங்கள்: ராம்ஸ்பாட்டம், ராம்ஸ்பாத்தம், ராம்ஸ்போத்தம். தேவாலயப் பதிவேட்டில் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே குடும்பம் இரண்டு மூன்று விதமாக வரும். 'ரோபாட்டம்' என்ற குடும்பப்பெயரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அது கரடுமுரடான பள்ளத்தாக்கு என்ற வேறு பெயர்.

அடுத்து, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயரைத் தேடி, எந்த மாவட்டத்தில் குவிகிறது என்று எண்ணுங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகப் பார்க்கலாம். இந்தப் பெயர் லங்காஷயரைக் காட்டும். பரி நகருக்கு வடக்கே, இர்வெல் ஆற்றோரம் ராம்ஸ்பாட்டம் என்ற ஊரே இருக்கிறது. ஆனால் 1881-க்குள் பஞ்சாலை வேலைக்காகப் பலர் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அதனால் 1538 முதல் எழுதப்பட்ட தேவாலயப் பதிவேடுகளோடு ஒப்பிட்டே ஊரை உறுதிசெய்யுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. இன்றைய எழுத்தை வைத்துப் பொருள் சொல்லவே கூடாது. ஊர்ப்பெயரின் மிகப் பழைய வடிவம் வேண்டும். 1324-இல் இது 'ரோமஸ்போத்தம்'. பின்பாதியான 'போத்ம்' பழைய ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கின் அடித்தளம். முன்பாதி 'ராம்' என்ற சொல்லாக இருந்தால் செம்மறிக்கிடா, 'ஹ்ராம்சா' என்ற சொல்லாக இருந்தால் காட்டுப்பூண்டு. ஈரமான, நிழல் விழும் ஓடைக்கரைகளில் வெள்ளைப் பூவோடு மண்டிக்கிடக்கும் செடி அது. இலையைக் கசக்கினால் பூண்டு வாசனை தூக்கும். இரண்டு பொருளும் பொருந்துவதால் இரண்டையும் குறித்துக்கொள்வதே நேர்மை. 'ரா' ஏன் 'ரோ' ஆனது? 'ம', 'ன' ஒலிகளுக்கு முன் 'அ'வை 'ஒ' என்று சொல்வது அந்தப் பகுதியின் பழைய பேச்சு வழக்கு.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் தேதி. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கும். 1700 ஏப்ரலில் திருமணம், 1700 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றிருந்தால் பிழையில்லை. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1701.

குடும்பப்பெயருக்கான குலச்சின்னம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனிமனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு மட்டுமே சேரும். அதே பெயர் உள்ள எல்லோருக்கும் உரியதல்ல.