முதலில் உள்ளே, பிறகு விளம்பரம்: குமரி மாவட்டக் குடும்பநலப் பிரிவுகளுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியான அந்தராவை முதல்முறை போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கு வந்தார்கள்? உங்கள் பதிவேட்டை எடுத்து இந்த ஒரு கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் சுவரொட்டி அச்சடிக்கும் வேலையை நிறுத்திவையுங்கள். வராத ஆறு பேர் அண்டி ஆபீஸிலும் (முந்திரி ஆலையிலும்) மீன் சந்தையிலும் என்ன சொல்கிறார்களோ, அதைத்தான் ஊர் நம்பும்.

கணக்கை இப்படி எடுக்கலாம். ஜனவரியில் முதல் ஊசி போட்டவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவது ஊசியைக் குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் தொடங்கி நான்கு வாரம் பின்னால் வரை போடலாம் என்பதால், மே மாதக் கடைசி வரை காத்திருந்து கணக்கை முடியுங்கள். வேறு முறைக்கு மாறியவர்களையும், குழந்தை வேண்டும் என்று நிறுத்தியவர்களையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். மீதியுள்ளவர்களிடம் கிராம சுகாதார செவிலியர் காரணம் கேட்கட்டும். ஆனால் தெருவில் நின்று "ஏன் ஊசிக்கு வரல?" என்று கேட்கக் கூடாது. முதல் வருகையிலேயே "உங்களை எப்படிக் கூப்பிடலாம், அது யார் போன்?" என்று கேட்டு அட்டையில் குறித்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "தீட்டு கன்னாபின்னான்னு ஆச்சு, பயந்துட்டேன்." ஊசியில் குறையில்லை. சொல்லாமல் விட்டதுதான் குறை. ஊசி போடும் முன் நான்கு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முதல் சில மாதம் தீட்டு முறை தவறும், இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகப் படும். நாளாக ஆகத் தீட்டே வராமல் போகலாம். அதனால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்காது. நிறுத்திய பிறகு கருத்தரிப்பு திரும்ப, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது. போட்ட இடத்தைத் தேய்க்கவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. மருந்து சீக்கிரம் கரைந்து பலன் குறைந்துவிடும். போடுபவரும் குப்பியை நன்றாகக் குலுக்கிய பிறகே மருந்தை இழுக்க வேண்டும். அடியில் படிந்ததை விட்டுவிட்டால் முழு 150 மில்லிகிராம் உடலுக்குள் போகாது.

வாசலில் கேட்க நான்கு கேள்விகள்

சேவை கொடுத்தவரே "திருப்தியா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வேறொரு பணியாளர், வெளியே போகும் வழியில், வாரத்துக்குப் பத்துப் பேரிடம் கேட்கட்டும். வேறு முறைகளைப் பற்றியும் சொன்னார்களா? பக்கவிளைவு வரலாம் என்று சொன்னார்களா? வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்களா? பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்களா? நான்கிற்கும் "ஆமாம்" சொன்னவர்களை மட்டும் எண்ணுங்கள். பெயர் எழுத வேண்டாம்.

இதோடு காத்திருப்பு நேரத்தையும் பாருங்கள். வந்த நேரத்தைச் சீட்டின் மூலையில் எழுதி, போகும்போது திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். பேச்சிப்பாறைப் பக்கமிருந்து அன்றைய கூலியை விட்டு இறங்கி வரும் பெண்ணை, மாத்திரை அட்டை ஒன்றுக்காக மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார். தொடர் மாத்திரைக்கும் ஆணுறைக்கும் தனி வரிசை வையுங்கள். தேவையானால் ஒரே முறையில் மூன்று மாதத்துக்குக் கொடுங்கள்.

"தீட்டு வந்த பிறகு வாங்க" என்று திருப்பி அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்ய ஆறு கேள்விகள் இருக்கின்றன. தீட்டு தொடங்கி ஏழு நாளுக்குள்ளா? பிரசவமாகி நான்கு வாரத்துக்குள்ளா? கருச்சிதைவாகி ஏழு நாளுக்குள்ளா? கடைசித் தீட்டுக்குப் பிறகு உறவே இல்லையா? நம்பகமான முறையை ஒழுங்காகப் பயன்படுத்தி வருகிறாரா? ஆறு மாதத்துக்குள் பிறந்த குழந்தைக்கு முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, தீட்டும் திரும்பாமல் இருக்கிறாரா? ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால், மற்றத் தகுதிகளைப் பார்த்துவிட்டு அன்றே தொடங்கலாம். தீட்டு தொடங்கி ஏழு நாளுக்குப் பிறகு அந்தரா போட்டால், அடுத்த ஏழு நாளுக்கு ஆணுறையும் சேர்த்துக் கொடுங்கள்.

அறையும் பேச்சும்

பரிசோதனைக் கட்டிலுக்குத் திரை இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், ஒருவர் உள்ளே சாதாரணக் குரலில் பேச, இன்னொருவர் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சொல் காதில் விழுந்தால் பெஞ்சை நகர்த்துங்கள், செலவில்லாத வேலை. மாமியாரோ நாத்தனாரோ கூட வந்திருந்தால், "அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க, பரிசோதனை பண்ணணும்" என்று சொல்லிப் பெண்ணைத் தனியாக ஐந்து நிமிடமாவது பேசவிடுங்கள். ரத்த அழுத்தம் பார்ப்பதும் அந்த நேரத்திலேயே முடிந்துவிடும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் தினமும் போடும் மாலா-என் கருத்தடை மாத்திரை வேண்டாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாத, பால் கொடுக்கும் தாய்க்கும் அது வேண்டாம், வாரக்கணக்கில் போடும் சாயா மாத்திரை கொடுக்கலாம்.

சாயாவில் நடக்கும் பெரிய தவறு நாள் குழப்பம். தீட்டு தொடங்கும் நாளில் முதல் மாத்திரை. அது ஞாயிறு என்றால் முதல் மூன்று மாதம் ஞாயிறும் புதனும். நான்காம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். அட்டையிலேயே கிழமையைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள். மாத்திரையை மறந்து, ஏழு நாளுக்குள் நினைவு வந்தால் உடனே விழுங்கிவிட்டு, அடுத்த தீட்டு வரை ஆணுறை. ஏழு நாள் தாண்டிவிட்டால் புதிதாகத் தொடங்குவதுபோல வாரத்துக்கு இரண்டு.

நமது கடற்கரைக்கு உரிய சிக்கல் ஒன்று உண்டு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் கணவர் வாரக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் விடுமுறைக்குத்தான் வருவார். "அவர்தான் இல்லையே" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். படகு திரும்பும் நாள் முன்கூட்டித் தெரிவதில்லை. இவர்களிடம் கணவர் எப்போது வருவார் என்று நேராகக் கேளுங்கள். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி இவர்களுக்குத் தோது. தினமும் நினைவு வைக்க வேண்டியதில்லை. மாத்திரைதான் வேண்டும் என்றால், அவர் இல்லாத நாட்களிலும் தொடர வேண்டும் என்று சொல்லி, வீட்டில் ஆணுறையும் இருக்கச் செய்யுங்கள். தவறிப்போனால் 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காப்பர் டி

பிரசவத்துக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி வைக்கலாம். அது தப்பினால் ஆறு வாரம் கழித்துத்தான். இதைக் கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே பேசி, சம்மதத்தைத் தாய் அட்டையில் எழுதிவிட வேண்டும். வலியில் துடிப்பவரிடம் கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. குடும்பத்துக்கே தெரியாமல் வைத்துவிட்டார்கள் என்ற புகார் ஒன்று கிளம்பினால் ஒரு ஊரே பல வருடம் விலகிப்போகும்.

எடுக்கச் சொல்லி வருபவருக்கு அன்றே எடுத்துவிடுங்கள். காப்பர் டியில் 380ஏ வகை பத்து வருடம், 375 வகை ஐந்து வருடம் தாங்கும் என்பது அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குக் காரணமாகாது. வயிற்றுவலியும் கூடுதல் ரத்தப்போக்கும் முதல் மூன்று மாதத்தில் குறையலாம் என்று சொல்லலாம், மருந்து தரலாம், முடிவு அவருடையது. கேட்டவுடன் எடுப்பார்கள் என்று தெரிந்தால்தான் தயங்குபவர் துணிந்து போட்டுக்கொள்வார்.

கருவிகளில் தொற்று நீக்க, 0.5 சதவீதக் குளோரின் கரைசலில் 10 நிமிடம். பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் லிட்டருக்கு 15 கிராம். நம் ஊர் இரண்டு மழையையும் வாங்குவது. திறந்துவைத்த பவுடர் ஈரத்தில் வீரியம் இழந்துவிடும். மூடி இறுகிய டப்பாவில் வைத்து, கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். அதே ஈரம் ஆணுறைப் பெட்டிகளையும் கெடுக்கும்: தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. முதலில் காலாவதியாகும் பெட்டி முன்னால் இருக்கட்டும்.

பெண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையில் விதிகள் தெளிவானவை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் நடந்த கருத்தடை முகாமில் பெண்கள் இறந்தபின், 2016இல் உச்ச நீதிமன்றம் முகாம் முறையையே நிறுத்தச் சொன்னது. நிலையான நாளில், நிலையான இடத்தில் மட்டும் செய்யுங்கள். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கணவர் கையெழுத்து தேவையில்லை. விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசுபவருக்கு மலையாளத்தில் விளக்குங்கள்.

அழைப்பது

பலகையில் நடக்கும் சேவையை மட்டும் எழுதுங்கள். காப்பர் டி வைக்கப் பயிற்சி பெற்றவர் புதன்கிழமைதான் வருவார் என்றால் "புதன் மட்டும்" என்றே எழுதுங்கள்; பக்கத்திலேயே கடைசிப் பேருந்தின் நேரம். சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும் அண்டி ஆபீஸின் மதிய இடைவேளையிலும் ஊசி போட்டு இரண்டு வருடமான ஒருவர் தானாக விரும்பிப் பேசினால், பதாகையைவிட அது அதிகம் போய்ச் சேரும். ஊக்கத்தொகையைக் காட்டி அழைக்காதீர்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் செயற்கை முறைகள் வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உடல் வெப்பம், கருப்பை வாயிலிருந்து வரும் சளித் திரவம் பார்த்து நாள் கணிக்கும் முறையையும், தாய்ப்பால் முறையின் மூன்று நிபந்தனைகளையும் (குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டும், தீட்டு திரும்பாமல்) மரியாதையோடு சொல்லிக்கொடுங்கள். எங்கே தவறும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஆண்களுக்கான நவீன வாசக்டமி (ஆண் கருத்தடை அறுவை) இருவார விழா நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை. அப்போது ஆழ்கடல் படகுகள் கடலில் இருக்கும். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் ஆண்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான். சின்னமுட்டம் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மலையோரத்தில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் பால்வெட்டு நிற்கும். கூட்டங்களை இந்த நாட்களில் போடுங்கள். தையல் இல்லை, மரத்துப்போக ஊசி போட்டு 10, 15 நிமிடத்தில் முடிந்துவிடும், இரண்டு நாள் ஓய்வு, பாரம் தூக்க ஏழு நாள் கழித்து என்பதை ஆண் பணியாளரே சொல்லட்டும்.

ஜூனில் செய்துகொண்டவருக்கு விந்துப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில் வரும். அவர் அப்போது கடலில் இருப்பார். படகு கிளம்பும் முன்பே மூன்று மாதத்துக்கான ஆணுறையைக் கையில் கொடுத்து, கரைக்குத் திரும்பும் முதல் வாரத்தில் பரிசோதனை என்று அட்டையில் எழுதுங்கள். அந்த முடிவு வரும்வரை மனைவி தன் முறையை நிறுத்த வேண்டாம் என்பதை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்.