கால் நட்டு ஷெட் போடுகிறீர்களா? முதலில் காற்றைக் கணக்குப் பண்ணுங்கள்

ஷெட் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இந்த பைப் வெயிட் தாங்குமா?" தாங்கும். 20-க்கு 40 அடியில் ஒரு மாட்டு ஷெட் என்றால் ஷீட், பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) எல்லாம் சேர்த்து ஒன்று, ஒன்றேகால் டன் வரும். அதைப் பத்துக் காலுக்குப் பிரித்தால் ஒரு காலுக்கு நூற்றுச் சொச்சம் கிலோ. இரண்டு ஆள் ஏறி நிற்கிற பாரம்கூட இல்லை. நான் பார்த்தவரையில் எந்த ஷெட்டும் தன் பாரத்தால் உட்கார்ந்ததில்லை. எல்லாம் மேலே போனவைதான்.

எங்கள் பட்டறை தஞ்சாவூர் மாவட்டத்தில், பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது தென்னைக்கு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். ஷெட்டுகளுக்கு என்ன ஆனது என்பதை அடுத்த சில மாதம் நாங்கள்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். ஒரு தோப்பில் தேங்காய்க் கொட்டகை ஒன்று காலோடு பிடுங்கிக் கிடந்தது. பைப் வளையவில்லை, வெல்டிங் விடவில்லை, ஷீட்கூடப் பாதி அப்படியே இருந்தது. காலின் அடியில் ஒரு அடி சதுரத்தில், இரண்டு அடி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் கட்டி. டேப் வைத்துப் பார்த்தால் இரண்டு கனஅடி. ஒரு கனஅடி கான்கிரீட் 68 கிலோ, ஆக மொத்தம் 136 கிலோ. காற்று அதைத் தூக்கியதில் ஆச்சரியமே இல்லை.

சரி, காற்று எவ்வளவு தூக்கும்? ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி முழுக்கக் காற்றைப் பற்றியதுதான். ஊர்வாரியாக எவ்வளவு வேகத்துக்குக் கட்டடம் நிற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சென்னை, புதுச்சேரிக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47. மதுரை, கோவைக்கு 39. எங்கள் டெல்டாவுக்கு நான் 50 என்றே வைத்துக்கொள்வேன். வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். 50-க்கு 1500 நியூட்டன், சுமாராக 150 கிலோ. 39 என்றால் 90 கிலோ சொச்சம். கூரையின் வடிவத்தைப் பொறுத்து இது ஏறும் இறங்கும். ஆனால் மனதில் ஒரு அளவு நிற்பதற்கு இது போதும்.

20-க்கு 40 என்றால் 800 சதுர அடி, 74 சதுர மீட்டர். 150-ஆல் பெருக்கினால் 11 டன். ஒன்றேகால் டன் கூரையை 11 டன் மேலே இழுக்கிறது. பக்கத்துக்கு ஐந்து கால், 10 அடிக்கு ஒன்று என்று நட்டால், நடுக்கால் ஒவ்வொன்றும் 100 சதுர அடிக் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் பங்கு 1.4 டன். மூலைக்கால்களுக்குப் பரப்பு பாதிதான். ஆனால் கூரையின் ஓரங்களில்தான் உறிஞ்சல் அதிகம், அதனால் மூலை என்று குழியைச் சுருக்க வேண்டாம்.

இந்த 1.4 டன்னுக்குத்தான் குழி எடுக்க வேண்டும். நான் எடுப்பது மேலே 2 அடி சதுரம், 4 அடி ஆழம், கடைசி ஒரு அடி மட்டும் 3 அடி சதுரமாக விரித்து, பானை மாதிரி. மேல் மூன்றடிக்கு 12 கனஅடி, கீழ் ஓரடிக்கு 9, ஆக 21 கனஅடி கான்கிரீட், 1.4 டன் சொச்சம். விரித்த பகுதிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மண்ணும் சேர்ந்து பிடிக்கும், அதில் இன்னும் முக்கால் டன். "கணக்கு ஏற்கெனவே சரியாகிவிட்டதே, மண் எடை எதற்கு?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். புயல் வருவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வயலில் தண்ணீர் நிற்கும், குழியும் முழுகியிருக்கும். தண்ணீருக்குள் கான்கிரீட்டின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கழிந்துபோகும், மண்ணின் எடையும் பாதியாகும். அந்த நேரத்துக்குத்தான் இந்த விரிப்பு. விரித்த மண் சரியாமல் இருக்க வேண்டும். களியில் நன்றாக நிற்கும். மணல் பாங்கான இடத்தில் நிற்காது, அங்கே மேலிருந்தே 3 அடி சதுரமாக எடுத்து, கீழே ஓரடி 3 அடி சதுரக் கட்டையாகப் போட்டு, அதன்மேல் பலகை அடைத்து 2 அடி சதுரத் தூணாக ஏற்றி, சுற்றிலும் மண்ணை அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்புவேன்.

பத்துக் குழிக்கு 210 கனஅடி. 1:2:4 கலவையில் சிமெண்ட் சுமார் 38 மூட்டை, எம்-சாண்ட் ஒரு யூனிட் (100 கனஅடி), முக்கால் இஞ்ச் ஜல்லி இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைய. இதைக் கேட்டதும் முகம் சுருங்கும். சதுர அடி ரேட் பேசி ஷெட் போடுவதில் உள்ள வம்பே இதுதான். ஷீட்டின் கலர் கண்ணுக்குத் தெரியும், குழி தெரியாது. ரேட்டைக் குறைக்கச் சொன்னால் குறைவது குழிதான். அதனால் கொட்டேஷனில் குழி அளவு, பைப் அளவு, ஷீட் கனம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். கான்கிரீட் போடும் அன்று வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டு நேரில் நில்லுங்கள்.

பைப் வாங்கும்போது எடை போடுங்கள். நாலு இஞ்ச் மீடியம் பைப் 4.5 மில்லிமீட்டர் கனம், மீட்டருக்கு 12 கிலோ சொச்சம். 6 மீட்டர் நீளம் 73 கிலோ நிற்க வேண்டும். அதே நாலு இஞ்சில் லைட் பைப் 60 கிலோகூட வராது. பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, தராசு மட்டும்தான் சொல்லும். நான்கு பக்கமும் திறந்த ஷெட்டுக்கு, தாழ்வாரம் (கூரையின் தாழ்ந்த ஓரம்) 9 அடி, மோடு (கூரையின் உச்சி) பதினொன்றரை அடி என்றால் நாலு இஞ்ச் மீடியம் போதும். சுற்றிலும் ஷீட் அடைக்கப் போகிறீர்கள், அகலம் 25 அடியைத் தாண்டுகிறது, தாழ்வாரமே 14 அடி என்றால் என்னைப் போன்ற பட்டறைக்காரர் சொல்வதோடு நிற்காமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் வரைபடம் வாங்குங்கள். அடைத்த சுவரில் மோதும் காற்று காலைப் பக்கவாட்டில் வளைக்கும், அது வேறு கணக்கு.

அடைப்பைப் பற்றி இன்னொன்று. மூன்று பக்கம் அடைத்து முன்பக்கம் மட்டும் திறந்த ஷெட்தான் முதலில் பறப்பது. உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை, அது அடியிலிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று இழுக்கும். இரண்டும் ஒரே திசை. டிராக்டர் நிறுத்த எல்லாரும் கேட்பது இந்த மாதிரிதான். கட்டாயம் என்றால் பின்சுவரில் மேலே இரண்டு அடி திறந்து விடுங்கள், குழியையும் ஒன்றரை மடங்காக்குங்கள்.

மூலை மட்டத்துக்கு வருவோம். கயிறு கட்டி, ஒரு பக்கம் 12 அடி, இன்னொரு பக்கம் 16 அடி குறித்து, குறுக்கே 20 அடி வருகிறதா என்று பாருங்கள். நாலு மூலையும் குறித்த பிறகு இரண்டு மூலைவிட்டமும் 44 அடி எட்டரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை இஞ்ச் வித்தியாசம் என்றால் விடலாம். இரண்டு இஞ்ச் என்றால் கடைசி ஷீட் கோணிக்கொண்டு நிற்கும், அதை மறைக்க வழியில்லை. மாட்டு ஷெட் என்றால் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே குறைவாக விழும். மின்கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

கால் நடும்போது, பைப்பின் அடியில் ஓரடிக்குள் 12 எம்எம் கம்பித் துண்டுகள் இரண்டைக் குறுக்காக வெல்ட் பண்ணுங்கள். இல்லாவிட்டால் வழவழ பைப் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வரும். குழியின் அடியில் அரையடி கான்கிரீட் போட்டு, அதன்மேல் காலை நிறுத்தி, தூக்குக்குண்டு இரண்டு முகத்திலும் பார்த்து, சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்ட வேண்டும். முதலில் நாலு மூலைக்கால், அப்புறம் கயிறு பிடித்து நடுக்கால்கள். எல்லாக் காலையும் மூன்று நாலு இஞ்ச் கூடுதலாகவே விட்டு நட்டுவிடுவேன். கான்கிரீட் இறுகியதும் ட்யூப்பில் தண்ணீர் மட்டம் பார்த்து, பத்துக் காலிலும் குறித்து, ஒரே மட்டத்தில் அறுப்பது. குழிக்குள் ஜல்லி போட்டு உயரம் சரிக்கட்டுவதைவிட இது எவ்வளவோ சுலபம். 20 அடி பைப்பில் ஒரு கால் போக ஏழு அடித் துண்டு மிஞ்சும், அது கேட்டுக்குக் காலாகும். ஏழு நாள் தண்ணீர் காட்டிய பிறகுதான் ட்ரஸ் ஏற்ற வேண்டும்.

இந்த முறையின் பலமே கால் மண்ணுக்குள் இறங்கி நிற்பதுதான். பக்கவாட்டில் தள்ளினாலும் அடி அசையாது. கான்கிரீட்டின் மேல் பேஸ் பிளேட் என்ற தகடு வைத்து நாலு போல்ட்டில் நிறுத்துகிற கால் அப்படி இல்லை, அதற்குக் குறுக்குக் கம்பிகள் இன்னும் நிறைய வேண்டும். ஆனால் புதைத்த காலுக்கு ஒரு நோய் உண்டு. தரை மட்டத்துக்கு மேலும் கீழும் நாலு விரற்கடை இடத்தில் துரு பிடிக்கும். அதற்குக் கீழே காற்று கிடையாது, மேலே ஈரம் காய்ந்துவிடும். இரண்டும் சேரும் இடம் அந்த ஒரு வளையம். மாட்டு ஷெட்டில் மூத்திரமும் சேர்ந்தால் சில வருஷத்தில் சுத்தியலால் தட்டினால் உள்ளே போய்விடும். அதனால் கான்கிரீட்டைத் தரையோடு நிறுத்தாதீர்கள். தரைக்கு மேலே அரையடி ஏற்றி, தலையை வெளிப்பக்கம் வாட்டமாகப் பூசி, பைப்பும் கான்கிரீட்டும் சேரும் விளிம்பில் தார் பூசுங்கள். நடுவதற்கு முன்பே அந்தப் பகுதிக்கு இரண்டு கை எப்பாக்ஸி பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். காலின் தலைக்கு மூடி வெல்ட் பண்ண மறக்காதீர்கள், மேலே திறந்த பைப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கி உள்ளிருந்து அரிக்கும்.

மரக்கால் கேட்கிறவர்களும் உண்டு. அமெரிக்கப் பண்ணைகளில் மருந்து ஏற்றிய மரக்காலை மண்ணில் இறக்கித்தான் பெரிய பெரிய கொட்டகை போடுகிறார்கள். நம் ஊரில் பச்சைச் சவுக்கை நட்டால் கரையான் சாப்பிட்டுவிடும், பந்தலுக்குச் சரி. வைரம் பாய்ந்த பழைய பனை கிடைத்தால் தாராளமாக நடலாம். கொங்குப் பக்கம் கல்லுக்கால் நட்ட பழைய கட்டுத்தறிகள் (மாட்டுக் கொட்டகைகள்) இன்னும் நிற்கின்றன, ஆனால் கல்லின் தலையில் ட்ரஸைப் பிடித்துக் கட்டுவது கஷ்டம்.

ட்ரஸை காலின் தலையில் வெறும் வெல்டிங்கில் விடாதீர்கள். பிளேட் வைத்து 16 எம்எம் போல்ட் நான்கு. காலுக்கும் ட்ரஸுக்கும் நடுவே சாய்வாக ஒரு முட்டு. இரண்டு பக்க வரிசையிலும் முதல் இடைவெளியிலும் கடைசி இடைவெளியிலும் 16 எம்எம் கம்பி குறுக்குமறுக்காக, மேலே கூரைத் தளத்திலும் அதே மாதிரி. வழி மறிக்கிறது என்று பின்னால் அறுத்துவிடுவார்கள், அதனால் வாசல் எந்த இடைவெளியில் என்பதை முதலிலேயே முடிவு பண்ணிவிடுங்கள்.

பர்லின் நடுவில் 4 அடிக்கு ஒன்று, தாழ்வார ஓரத்திலும் மோட்டுப் பக்கத்திலும் 3 அடிக்குள். ஷீட் அரை மில்லிமீட்டர் கனம் வாங்குங்கள். மெல்லிய ஷீட்டில் ஸ்க்ரூ அப்படியே நிற்கும், ஷீட் மட்டும் அதன் தலையைச் சுற்றிக் கிழிந்து பறக்கும். ஓர வரிசைகளில் ஷீட்டின் எல்லா மேட்டிலும் ஸ்க்ரூ, நடுவில் ஒன்று விட்டு ஒன்று. ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும். டிரில்லை விடாமல் அழுத்தி வாஷர் வெளியே பிதுங்கினால் அடுத்த கோடையில் வெடித்து ஒழுகும். ஷீட்டைக் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வரவேண்டும், அப்போதுதான் ஓவர்லாப்பின் வாய் காற்றைப் பார்க்காது. எங்களுக்கு வடகிழக்கு, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடிக்காற்று வருவது மேற்கிலிருந்து. தாழ்வாரத்தை வெளியே ஒன்றரை அடி நீட்டினால் போதும். சாரலுக்காக மூன்றடி விடச் சொல்வார்கள். கூரையிலேயே காற்று அதிகம் தூக்குகிற இடம் அதுதான், சாரலுக்குப் பச்சை வலையோ தார்ப்பாயோ தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை, புரட்டாசி முடிவதற்குள், ஒரு ஆள் ஏணியோடு ஓர வரிசை ஸ்க்ரூவை மட்டும் பார்த்தால் போதும். சுற்றும்போது பிடிப்பில்லாமல் சும்மா சுழல்கிற ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ போடுங்கள். அதே ஓட்டையில் அதே சைஸைத் திரும்ப முறுக்கிப் பிரயோஜனமில்லை.