செல்போன் முதல் க்யூஆர் அட்டை வரை: வீட்டில் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று பார்ப்பது எப்படி

என் அம்மா தண்டையார்பேட்டையில் தெருவோரம் மீன் விற்கிறார். விடிவதற்கு முன்பே காசிமேடு போய், ஏலத்தில் மீன் எடுத்து, ஆட்டோவில் ஏற்றி வந்து, வெயில் ஏறுவதற்குள் விற்று முடிப்பார். 2022-ல், வருகிறவர்கள் எல்லோரும் ஜிபே இருக்கா என்று கேட்கிறார்கள் என்று அம்மா சொன்னதும், நான்தான் ஒரு க்யூஆர் அட்டையை லேமினேட் செய்து தராசுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டேன். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன், அதனால் என் நம்பர், என் வங்கிக் கணக்கு. சில்லறைத் தொல்லை ஒழிந்தது, வியாபாரமும் கொஞ்சம் கூடியது.

ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அம்மா மாத்திரை வாங்க என்னிடம் காசு கேட்டு நிற்கிறார். அவர் சம்பாதித்த காசு! அதற்கு முன்பு சுருக்குப்பையில் இருந்ததை எடுக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதிலிருந்து நான் ஒரு முறையைப் பின்பற்றுகிறேன். தொழில்நுட்பத்தால் நன்மையா தீமையா என்று பொதுவாகக் கேட்டால் பட்டிமன்றம்தான் நடக்கும், பதில் கிடைக்காது. யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று ஆள் ஆளாகக் கேட்க வேண்டும்.

ஒரு பழைய நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்: செல்போன், க்யூஆர், வாசல் கேமரா, சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப், எதுவானாலும் சரி. அந்தப் பக்கத்தில் வீட்டில் இருக்கும் எல்லோர் பெயரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் வரவு, செலவு என்று இரண்டு கட்டம் போடுங்கள். செலவு என்றால் பணம் மட்டும் இல்லை. தூக்கம், நேரம், முன்பு தானாகச் செய்துகொண்டிருந்த ஒரு வேலை, யாரையும் கேட்காமல் இருந்த நிலை, எல்லாம் அதில் அடக்கம். ஒரு வாரம் எழுதினால் போதும், ஆனால் அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும், ஏனென்றால் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளில்தான் உண்மை தெரியும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான்: பொருளை வாங்கிவந்தவரே எல்லோருடைய கட்டத்தையும் நிரப்பிவிடுவார். அப்படிச் செய்யாதீர்கள். பாட்டியின் கட்டத்தை பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். என் அண்ணன் பையன் எட்டாவது படிக்கிறான், செல்போன் பக்கத்தில் அவன் வரவு கட்டத்தில் கணக்குப் பாட வீடியோ என்று எழுதினான், செலவு கட்டத்தில் அவனாகவே 'கேரம்' என்று எழுதினான். தெருமுனையில் போர்டு போட்டு இரவு பத்து மணி வரை ஆடுகிற ஊர் எங்களுடையது, அவன் அங்கே போயே பல மாதம் ஆகிவிட்டது என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இப்போது சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை எல்லோர் போனும் டிவி மேல். பெரியவர்கள் வைக்காவிட்டால் பிள்ளைகள் வைக்க மாட்டார்கள், அதில் மட்டும் சலுகையே கிடையாது.

பணக் கணக்கையும் வருடக் கணக்காகப் போடுங்கள். 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருடத்துக்கு 12 முறை இல்லை, 13 முறை. வீட்டில் மூன்று போன் இருந்தால் 39 ரீசார்ஜ்.

சில பொருளுக்கு ரொம்ப யோசிக்கத் தேவையில்லை. என் சித்தப்பா விசைப்படகில் போகிறவர், ஜிபிஎஸ் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் சிரிப்பார். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது, அலைந்து எரிக்கும் டீசல் மிச்சம். ஆனால் மேகம் மூடினால் அந்தத் தகவல் கிடைக்காது என்பதால், காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்கும் பழக்கத்தை அவர் விடவில்லை.

அதனால் நோட்டில் கடைசியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: இது வேலை செய்யாத நாளில் என்ன ஆகும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் தண்ணீர் நின்றது, கரண்ட் இல்லை, டவர் இல்லை, கணக்கில் பணம் இருந்தும் பால் பாக்கெட் வாங்க முடியவில்லை. கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களும், அண்ணாச்சி கடையில் பற்று எழுதுகிறவர்களும்தான் சமாளித்தார்கள். இப்போது பீரோவில் ஆயிரம் ரூபாய் பத்தும் இருபதுமாக இருக்கிறது, முக்கியமான பத்து போன் நம்பரைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதன் கீழே 1930 என்றும் எழுதுங்கள், சைபர் மோசடிக்கான உதவி எண். பணம் போனது தெரிந்த நிமிடமே கூப்பிட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் பணம் கைமாறிப் போய்விடும். அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் அது ஏமாற்று.

எழுதி முடித்ததும் பொருளைத் தூக்கிப்போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். யாருடைய செலவு கட்டம் நிறைந்திருக்கிறதோ, அவர் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அம்மாவுக்கு மகளிர் உரிமைத்தொகை வரும் கணக்கு ஏற்கெனவே இருந்தது. க்யூஆரை அந்தக் கணக்குக்கு மாற்றி, தமிழில் தொகை சொல்லும் சவுண்ட் பாக்ஸ் ஒன்றும் வாங்கி வைத்தோம். வாரம் ஒருமுறை அவரே ஏடிஎம் போய் எடுக்கிறார், பின் நம்பர் எனக்குத் தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை நோட்டைத் திரும்ப எடுங்கள். எங்கள் வீட்டில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மீன் வரத்து குறைவு, அம்மா உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். போன தடைக்காலத்தில் அவர் செலவு கட்டத்தில் ஒன்று எழுதச் சொன்னார்: அந்தப் பெட்டி கத்துகிற கத்தலில் நான் எவ்வளவுக்கு விற்றேன் என்று பக்கத்துக் கடைக்காரிக்கெல்லாம் தெரிகிறது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தேன்.