வீட்டு பீர்: பாட்டில் வெடிக்காமல் இருக்க

நொதித்தல் முடியும் முன்பே மூடி போடுவதுதான் பாட்டில் வெடிப்பதற்கு முதல் காரணம். குமிழி நின்றுவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். அது தண்ணீரில் 1.000 காட்டும்; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவாகவும் ஆல்கஹாலாகவும் மாற்ற மாற்ற, பீரில் காட்டும் எண் இறங்கும். மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பாட்டிலில் அடைக்கலாம். 1.014-இல் அடைத்த பீர் உள்ளேயே 1.010-க்கு இறங்கினால், அந்தச் சின்ன இறக்கமே நீங்கள் கடைசியில் சேர்க்கும் சர்க்கரையைவிட அதிக வாயுவைத் தந்துவிடும். 1.020-இல் அளவு அசையாமல் நின்றாலும் சந்தேகப்படுங்கள். ஈஸ்ட் சோர்ந்திருக்கலாம், 20 டிகிரிக்கு மேல் கொஞ்சம் சூடான இடத்தில் சில நாள் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

பாட்டிலுக்குள் நுரைக்கான வாயு உண்டாக, அடைக்கும்போது 20 லிட்டருக்கு 115 முதல் 120 கிராம் வெள்ளைச் சர்க்கரை சேர்த்தால் போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, சுத்தமான வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியே இறக்கி, நுரைக்காமல் மெதுவாகக் கலக்குங்கள். சரியாகக் கலக்காவிட்டால் ஒரு பாட்டில் சப்பென்றிருக்கும், அடுத்தது வெடிக்கும்.

திருகுமூடி போட்ட மெல்லிய கண்ணாடி பாட்டில்களை ஒதுக்கிவிடுங்கள். கழுத்தில் இரண்டரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்புங்கள். அது அழுத்தினால் அமுங்காமல் கல்லாக இறுகியதும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

திறந்ததும் பீர் பீறிட்டு அடித்தால், மீதி பாட்டில்களைக் கையில் எடுக்குமுன் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணியுங்கள். நன்றாகக் குளிரவைத்து, துண்டு போர்த்தி, மூடியை லேசாக நெம்பி வாயுவை வெளியேற்றுங்கள்.