ஒளியால் எண்ணெய்த் துளியை நகர்த்துவது: அசோடேப் கரைசலில் செய்முறை

விளக்கின் சூடு பட்டாலே நீர்ப்பரப்பு ஓடத் தொடங்கும். இந்தச் சோதனையில் பலரும் சறுக்குவது அங்கேதான். சூட்டால் வந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, அசோடேப் மூலக்கூறு வேலை செய்கிறது என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் மிதக்கும் துகள், பிறகுதான் எண்ணெய்த் துளி.

அசோடேப் என்பது சோப்பைப் போல நீர்ப்பரப்பில் போய் ஒட்டும் ஒரு சர்ஃபாக்டன்ட். அதன் வாலில், ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீன் இருக்கிறது. இருட்டில் அது நேரான டிரான்ஸ் வடிவில் இருந்து பரப்பில் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். 365 நானோமீட்டர் புற ஊதா பட்டால் வளைந்து சிஸ் ஆகும். சிஸ் வடிவத்துக்கு முனைவுத்தன்மை அதிகம், நீரில் இருப்பதே அதற்குச் சௌகரியம். அது பரப்பை விட்டு இறங்கிவிடுவதால் ஒளி பட்ட இடத்தில் பரப்பு இழுவிசை கூடும். நீல ஒளி அதைத் திரும்ப டிரான்ஸ் ஆக்கும்.

கரைசல்

ஆக்சிஎத்தில் வகை அசோடேபின் மூலக்கூறு எடை 420.4. 50 மில்லி நீரில் 21 மில்லிகிராம் போட்டால் 1 மில்லிமோலார். தொடங்க இது நல்ல அளவு. மிக நீர்த்த கரைசலில் இரு வடிவங்களுக்கும் இழுவிசையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் மைசெல் (நீருக்குள் சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் சேர்ந்து உருவாகும் கொத்து) கட்டும் அளவுக்கு மேலே போனாலும் வித்தியாசம் சுருங்கிவிடும். பரப்பு இழுவிசையை அளக்கும் தொங்கு துளிக் கருவி இருந்தால் 0.1 முதல் 10 மில்லிமோலார் வரை நான்கைந்து செறிவுகளை இருட்டிலும் புற ஊதாவிலும் அளந்து, இடைவெளி பெரிதாக இருக்கும் செறிவைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் வெறும் நீரை அளக்கவேண்டும். 25 டிகிரியில் 72 மில்லிநியூட்டன்/மீட்டர் வரவில்லை என்றால் ஊசியிலோ பாத்திரத்திலோ அழுக்கு இருக்கிறது.

தூள் கரைய மறுத்தால் 50 டிகிரியில் கலக்குங்கள். பாட்டிலை அலுமினியத் தாளால் சுற்றி, அதே சூட்டில் ஓர் இரவு இருட்டில் வைத்தால் கரைசல் ஏறத்தாழ முழுக்க டிரான்ஸ் ஆகிவிடும். அறை வெப்பத்தில் என்றால் ஓரிரு நாளாவது தேவை. அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியட்டும். வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டருக்கு அருகே ஒரு நீல உச்சி உண்டு, அது உங்களைக் கேட்காமலே மூலக்கூறைத் திருப்பிக்கொண்டிருக்கும்.

தட்டும் விளக்கும்

9 செ.மீ. கண்ணாடிப் பெட்ரி தட்டை எத்தனாலால் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். விரல் உள்ளே படக்கூடாது. 25 மில்லி ஊற்றினால் ஆழம் சுமார் 4 மில்லிமீட்டர் வரும்.

ஒளி மேலிருந்துதான் விழவேண்டும். டிரான்ஸ் அசோபென்சீன் புற ஊதாவை மிகக் கடுமையாக உறிஞ்சும். மோலார் உறிஞ்சுகை சுமார் 20,000 என்று வைத்தால், 1 மில்லிமோலார் கரைசலில் ஒவ்வொரு அரை மில்லிமீட்டருக்கும் ஒளி பத்தில் ஒன்றாகிவிடும். தட்டுக்கு அடியில் எல்இடியை வைத்துவிட்டு ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று சொல்பவர்களுக்கு, ஒளி பரப்பை எட்டவே இல்லை. லென்ஸ் வைத்து 3 முதல் 5 மில்லிமீட்டர் வட்டமாகக் குவியுங்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் விளக்கைப் போடவேண்டாம். கேமராவின் முன் ஆரஞ்சு வடிகட்டி இருந்தால் படம் வெளுக்காது.

துகள் சோதனை

நுண்ணிய, நீரில் மிதக்கும் துகளைச் சிட்டிகையிலும் குறைவாகத் தூவி, ஓட்டம் அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு புற ஊதாவைப் போடுங்கள். நீர்ப்பரப்பு இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஓடும். ஆகவே துகள்கள் ஒளி வட்டத்தை நோக்கி உள்ளே வரவேண்டும். சூடு இதற்கு நேர் எதிர்: ஒரு டிகிரி ஏறினால் நீரின் இழுவிசை சுமார் 0.15 மில்லிநியூட்டன்/மீட்டர் இறங்கும், துகள்கள் வெளியே சிதறும். வெளியே ஓடினால் விளக்கின் திறனைக் குறையுங்கள். இன்னும் சந்தேகம் தீராவிட்டால் அசோபென்சீன் இல்லாத சாதாரண சர்ஃபாக்டன்டான டிடேப் கரைசலில் அதே ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். அங்கேயும் ஓட்டம் தெரிந்தால் குற்றவாளி சூடு, அல்லது ஏசிக் காற்று.

நீல ஒளியைப் புதுக் கரைசலில் போட்டுவிட்டு ஏமாறுவோரும் உண்டு. எல்லாம் ஏற்கெனவே டிரான்ஸ், திருப்ப அங்கே சிஸ் இல்லை. தட்டு முழுவதையும் முதலில் புற ஊதாவில் நனைத்துவிட்டு நீல வட்டத்தைப் பாய்ச்சினால் துகள்கள் வெளியே விலகும்.

எண்ணெய்த் துளி

மைக்ரோபிப்பெட்டால் 2 மைக்ரோலிட்டர் ஒலியிக் அமிலத்தைப் பரப்பின் மேல் மெதுவாக வையுங்கள். வெறும் நீரில் அது படலமாகப் பரவும். இங்கே வட்டத் துளியாக நிற்கவேண்டும். துளியின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் புற ஊதா படட்டும். 2009-இல் பாரிஸின் எகோல் நார்மால் சுப்பீரியர் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் காட்டியதுபோல, துளி புற ஊதாவை விட்டு விலகும், நீல ஒளியை நாடும். துகள் உள்ளே போகும்போது துளி மட்டும் ஏன் விலகுகிறது? அதன் அடியில் எண்ணெயும் நீரும் தொடும் முகம் புற ஊதாவை நோக்கி இழுபடுகிறது, துளி அதை உதைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நீந்துகிறது. வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே, பொறுமை வேண்டும்.

ஆழத்தை ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். நீர் மெல்லிய படலமானால் பரப்பே பள்ளமும் மேடுமாக வளைந்து, மிதக்கும் பொருள் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போவதுண்டு. ஆவியாகிக் குறைந்த தட்டில் திசை மாறினால் அதை முதலில் சந்தேகியுங்கள்.

சில நிமிடங்களில் துளி மந்தமானால் தட்டு முழுக்க சிஸ் நிறைந்துவிட்டது, வித்தியாசம் போய்விட்டது. முழுத் தட்டுக்கும் நீல ஒளி காட்டுங்கள். அதிலும் ஒரு பங்கு சிஸ் எஞ்சும் என்பதால் முதல் ஓட்டத்தின் வேகம் அப்படியே திரும்பாது. அளவீட்டுக்கு இருட்டில் வைத்த புதுக் கரைசலே சரி.

பழையதைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். அசோடேப் போன்ற நேர்மின் சர்ஃபாக்டன்ட்கள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, கழிவு பாட்டிலில் சேர்த்து ஒப்படையுங்கள்.